இடது ஓரத்துக்கு ஒரு சிவப்பு ரிப்பன்

காலை ஆறு மணி இருபது. ரயில் கோயம்புத்தூரில் நின்று நாங்கள் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது ஒரு தள்ளுவண்டியை. மோட்டார் பம்பு படம் அச்சடித்த அட்டைப்பெட்டிகள் அதில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எங்களுக்கு இடப்பக்கமாக, அசையாமல் நின்றது. நான் பார்த்தேன். என் மனைவி வனஜா நேராகப் போய் அதில் மோதினாள்.

"பார்த்து வரக்கூடாதா?" என்றேன்.

"பார்த்துத்தாங்க வந்தேன்."

வண்டிக்காரர் சரிந்த பெட்டியைத் தோளால் முட்டுக்கொடுத்தபடி, "பொட்டி கெடக்குதுங்க அம்மணி, கையில அடி பட்டுதுங்களா பாருங்க" என்றார். முழங்கையில் லேசான சிராய்ப்பு. எங்கள் ஊரில் என்றால் முதலில் பெட்டியைத்தான் பார்த்திருப்பார்கள்.

எங்கள் ஊர் கோலாலம்பூர், செந்தூல். இருவரும் ஒரே தமிழ் நாளிதழில் வேலை செய்தோம். நான் தலைமைத் துணையாசிரியர். வனஜா பதினாறு வருடம் அங்கே புரூஃப் பார்த்து அச்சுப்பிழை திருத்தியவள். ஒரு வருடமாகத் தலைவலி, மங்கல் என்று சம்பளமில்லா விடுப்பில் இருந்தாள். செந்தூல் கண்ணாடிக் கடையில் மூன்று முறை கண்ணாடி மாற்றிப் பார்த்தோம். கோயம்புத்தூரில் கண் வைத்தியம் நன்றாக இருக்கும் என்று அவளுடைய தோழி சொன்னாள். பொதுத்தேர்தல் முடியட்டும் என்றேன். பிறகு தீபாவளி மலர் முடியட்டும் என்றேன். 1996 ஜூன் மாதம்தான் வந்து சேர்ந்தோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி முதல் தேதி, பழைய நாட்காட்டியின் கடைசித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஆளுக்கொரு பட்டியல் எழுதுவோம்; அந்த வருடம் செய்ய வேண்டியவை. பிறகு தாளை மாற்றிக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, புரூஃப் தாளில் செய்வதுபோல அடியில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுவோம். கையெழுத்துப் போட்டவருக்கும் அந்தப் பட்டியலில் பொறுப்பு உண்டு என்பது விதி.

அந்த வருடம் வனஜா மூன்று வரி எழுதியிருந்தாள். நல்ல டாக்டரிடம் கண்ணைக் காட்ட வேண்டும். மறுபடி அலுவலகத்தில் என் மேசையில் உட்கார்ந்து புரூஃப் பார்க்க வேண்டும். காட்டு யானையைப் பார்க்க வேண்டும், மிருகக்காட்சிசாலையில் அல்ல.

முதல் வரி முந்தின வருடப் பட்டியலிலும் இருந்தது. அதன் அடியிலும் 'பார்த்தேன்' என்று என் கையெழுத்து இருக்கிறது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு குறுக்குத்தெருவில் மாடிப் பகுதி எங்களுக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். காலையில் போனால் இரவுதான் வருவார். அவர் மனைவி சுலோசனாதான் எங்களுக்கு எல்லாம். கணவனும் மனைவியும் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் திரும்பினால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும்.

"ஏனுங்க, மலேசியால இருந்து வந்தவங்க நீங்கதானுங்களா? படி கொஞ்சம் செங்குத்துங்க, மெதுவா ஏறுங்க அம்மணி. பல்லு வெளக்கிப்போட்டு கீழ வாங்க. சந்தகை புழிஞ்சுட்டு இருக்கறேன்."

சந்தகை என்பது எங்கள் ஊர் இடியாப்பத்துக்கு உறவு. செந்தூலில் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவர் தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்துக் காகிதத்தில் கட்டிக்கொடுப்பார். இங்கே அதையே ஒரே தட்டில் எலுமிச்சை ஒரு பக்கம், தேங்காய்ப்பால் ஒரு பக்கம் என்று இரண்டு விதமாக வைத்தார்கள். வனஜா தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதிலே என்ன போட்டிருக்கீங்க, இனிக்குதே?" என்றாள்.

"சிறுவாணி ஆத்துத் தண்ணிங்க. எங்கூட்டுக்காரரு இந்தத் தண்ணிக்காகவே வெளியூர்ல ராத் தங்க மாட்டாரு. எனக்காகன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க பத்து வருசமா."

தட்டின் வலப்பக்கத்தில் இருந்ததை வனஜா சாப்பிட்டு முடித்தாள். இடப்பக்கத்தில் இருந்த தேங்காய்ப்பால் சந்தகையைத் தொடவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் மருத்துவமனை. ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே எங்காவது வெளிச்சப்புள்ளி தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் வெளியே பெஞ்சில் இருந்து பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீண்ட இடைவெளிகள் இருந்தன.

டாக்டர் நாற்பது வயதுப் பெண்மணி. இந்த ஊர்க்காரர்தான். முடிவுத் தாளைப் பார்த்துவிட்டு, "எப்ப இருந்துங்க இப்படி?" என்று கேட்டார்.

"ஒரு வருடம் இருக்கும்," என்றேன்.

"மூணு வருஷம் மூணு மாசம்," என்றாள் வனஜா.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அவ்வளவு கரெக்டா எப்படீங்கம்மா சொல்றீங்க?"

"அந்த மார்ச் மாசந்தான் இவரு எனக்கு மெமோ கொடுத்தாரு."

"ஊட்டுக்குள்ள மெமோ எல்லாம் குடுப்பீங்களா சார்?" டாக்டர் சிரித்தார். அவருடைய உதவியாளரும் சிரித்தார்.

நடந்ததை நானே சொன்னேன். ஒரு நினைவஞ்சலி விளம்பரம். தாளில் ஒட்டும்போது யாரோ இடது ஓரத்தைக் கூடுதலாக வெட்டிவிட்டார்கள். நான்கு வரிகளின் முதல் சொற்கள் போய்விட்டன. அவற்றில் ஒன்று இறந்தவரின் பெயர். வனஜா பார்த்துச் 'சரி' போட்டிருந்தாள். அப்படியே அச்சானது. மறுநாள் அந்தக் குடும்பம் அலுவலக வாசலில் நின்றது. மனைவிக்குச் சலுகை காட்டினேன் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக அன்று மாலையே மெமோ தட்டச்சு செய்தேன். 'கவனக்குறைவு' என்ற சொல்லை அதில் இரண்டு முறை பயன்படுத்தியிருந்தேன்.

டாக்டர் சிரிப்பதை விட்டுவிட்டு முடிவுத் தாளை என் பக்கம் திருப்பினார். இரண்டு வட்டங்கள். பத்திரிகைப் பக்கத்தைப் பார்க்கிற பழக்கத்தில் பார்த்தேன். இடது கண்ணின் வட்டம் பெரும்பாலும் கறுப்பு. வலது கண்ணின் வட்டத்திலும் மூக்கை ஒட்டிய பகுதி, அதாவது இடப்பக்கம், கறுப்பு.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்ப அரிச்சிருக்குதுங்க. வலி தெரியாது, அதுதான் இதோட கெட்ட கொணம். பத்து நாள் சொட்டு மருந்து போட்டு அழுத்தத்த எறக்கிக்கலாம். அப்புறம் ஒரு ஆபரேசன். ஆனா முன்னாடியே சொல்லிப்போடறேன். போன பார்வை போனதுதானுங்க. இருக்கறதக் காப்பாத்தத்தான் இத்தனையும்."

"இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"வந்திருந்தா நல்லா இருந்திருக்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் மருந்துச்சீட்டை எழுதத் தொடங்கினார்.

வனஜா கேட்டது வேறு. "நான் புரூஃப் பார்க்கலாமா டாக்டர்?"

"நடுப்பார்வை நல்லாத்தான் இருக்குதுங்கம்மா. வரி எங்க ஆரம்பிக்குதுன்னுதான் உங்களுக்குத் தெரியறதில்ல. ஒண்ணு பண்ணுங்க. தாளோட இடது ஓரத்துல ஒரு செவப்பு ரிப்பன் வெச்சுக்குங்க. ஒவ்வொரு வரிக்கும் அந்த ரிப்பன் கண்ல படற வரைக்கும் தலையத் திருப்புங்க. அவ்வளவுதான். பழகிரும்."

அவ்வளவுதான். ஒரு முழம் ரிப்பன்.

அன்று மாலையே ஒப்பணக்காரத் தெருவுக்குப் போனோம். வளையல், பொட்டு, நூல்கண்டு விற்கும் சிறிய கடை. வெள்ளைத் தொப்பி வைத்த பாய் ஒருவர் ரிப்பன் உருளைகளை எடுத்துப் பரப்பினார்.

"பாப்பாவுக்குங்களா? ஸ்கூல் தெறந்தாச்சு, எல்லாம் செவப்புதான் போகுது."

"பாப்பா இல்லீங்க. எனக்குத்தான்."

பாய் அவளுடைய நரைத்த கொண்டையை மரியாதையாக ஒரு முறை பார்த்தார். "தாராளமா வெச்சுக்குங்க அம்மா. யாரு கேக்கப் போறாங்க?"

"தலைக்கு இல்லே பாய். பத்திரிகைக்கு."

விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "முப்பது வருசமா ரிப்பன் விக்கிறனுங்க. பேப்பருக்குச் சடை பின்ற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். அளந்த பிறகு ஒரு சாண் நீளம் கூட விட்டு வெட்டினார்.

மறுநாள் காலையில் மாடிக்கு வந்த சுலோசனா வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் வீட்டுக் காலைப் பத்திரிகை எங்கள் மேசையில் கிடந்தது. இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன். உள்ளே சிவப்புப் பென்சில் வட்டங்கள்.

"எங்கூட்டு பேப்பருக்கு மார்க் போட்டுட்டு இருக்கறீங்களா அம்மணி? எப்படீங்க, பாஸ் ஆயிருமா?"

"மூணாம் பக்கம் மட்டும் பெயில்," என்றாள் வனஜா. மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினாள். "என் மேசை அப்படியேதானே இருக்கு?"

"இருக்கு," என்றேன்.

இல்லை. ஜனவரியில் அந்த மேசையை அகற்றிவிட்டோம். அலுவலகத்துக்குப் புதிய கணினிகள் வந்தன. புரூஃப் பிரிவில் நான்கு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. எந்த இரண்டு பேரை நீக்குவது என்று என்னிடம் கேட்டார்கள். விடுப்பில் இருப்பவரின் பெயரை எழுதுவது எளிது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெயரை எழுதுவது கடினம். வனஜாவின் பெயரை எழுதினேன். அவளுடைய மேசை இருந்த இடத்தில் இப்போது அச்சுப்பொறி இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. கண் சரியானபின் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் தொண்டாமுத்தூர் போனோம். அந்தப் பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில் யானை வருகிறது என்று சுலோசனா சொன்னதுதான் காரணம். காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். வடவள்ளி தாண்டியதும் காற்று மாறியது. ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட்ட கண்டக்டரை அங்கேதான் பார்த்தேன். மலைமேல் மழை, கீழே தூறல்கூட இல்லை, குளிர்ச்சி மட்டும்.

இறங்கி, விசாரித்துக்கொண்டே ஒரு மண்தடத்தில் நடந்தோம். தென்னந்தோப்பை ஒட்டிய வாழைத்தோட்டத்தில் ஒருவர் முறிந்த மரங்களை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யானை பார்க்க வந்தோம் என்றதும் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"யானைங்களா? நேத்து வந்துட்டுப் போயிருச்சுங்களே. மூணு உருப்படி. முப்பது வாழைய முடிச்சுப்போட்டு, தண்ணிக் கொழாய மிதிச்சுப்போட்டுப் போயிருச்சு. நீங்க மலேசியால இருந்து வாரீங்கன்னு தெரிஞ்சிருந்தா ஒரு நா இருந்துட்டுப் போகச் சொல்லியிருப்பனுங்க."

நஷ்டத்தைச் சொல்கிற குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஈர மண்ணில் பதிந்திருந்த ஒரு காலடியைக் காட்டினார். சமையலறைத் தாம்பாளம் அளவு இருந்தது. வனஜா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குள் இரண்டு கால்களையும் வைத்து நின்றாள். இன்னும் இரண்டு கால்களுக்கு இடம் இருந்தது.

"பட்டியல்ல எழுதிக்குங்க," என்றாள் என்னிடம். "யானையோட கால் பார்த்தாச்சு. மேலே பாக்கி."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் ஒரே வாசலில் ஏறி ஒரே இருக்கையில் உட்காருவோம். இங்கே பெண்களுக்கு முன்வாசல், ஆண்களுக்குப் பின்வாசல். வனஜா முன்னால் ஏறினாள். நான் பின்னால் ஏறி, "ரெண்டு லாலி ரோடு, ஒண்ணு முன்னால" என்று எங்கள் ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கினேன். ஐம்பது தலைகளுக்கு அப்பால் அவளுடைய கொண்டை மட்டும் தெரிந்தது.

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தை அமைத்துப் பார்த்தேன். முதலில் கணினிகள். பிறகு நிர்வாகம். கடைசியில் என் பெயர். நல்லதாக இல்லை. என் பெயரை முதலில் போட்டுப் பார்த்தேன். அதுவும் நல்லதாக இல்லை. மூன்றாவது முறை திருத்திக்கொண்டிருந்தபோது கண்டக்டர் என் தோளைத் தட்டினார்.

"ஏனுங்க சார், லாலி ரோடு ரெண்டு வாங்கினது நீங்கதானுங்களே? ஊட்டுக்காரம்மா எறங்கி ரெண்டு ஸ்டாப் ஆச்சு. அவங்கள எறக்கி உட்டுப்போட்டு நீங்க எங்கீங்க போறீங்க?"

"விடப்பா, பாவம்! நாப்பது வருசத்துல இப்பத்தான் தனியா பஸ்ல போறாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். பஸ் முழுவதும் சிரித்தது.

இறங்கி ஓடினேன். பாதிக்கு மேல் ஓட முடியவில்லை, வேகமாக நடந்தேன். வனஜா லாலி ரோட்டில் ஒரு பேக்கரியின் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. சாலையைக் கடந்து என்னைத் தேடப் போனாளாம். இடப்பக்கமாக வந்த சைக்கிள் இடித்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் வந்து ஆறு நாள், இரண்டாவது காயம். பேக்கரிக்காரர் அவளை உட்காரச் சொல்லி, தேங்காய் பன்னும் டீயும் கொடுத்திருந்தார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நான் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவேன் என்றாளாம்.

"எங்கே போனீங்க?"

"ஸ்டாப்பைக் கவனிக்கலே."

வனஜா பன்னைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். "கவனக்குறைவு. மெமோ தரட்டுமா?"

பேக்கரிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பன் சூடாக இருந்தது. அமைத்து வைத்திருந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள் அறுவைசிகிச்சை நடந்தது. வலது கண்ணில், மீதமிருப்பது அதில்தான். அடுத்த சில நாட்கள் அவள் கண்ணில் கட்டுடன் படுத்திருந்தாள். சுலோசனா தினமும் ஏதாவது கொண்டுவருவார். ஒரு நாள் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சாதம், மேலே நெய். "காய்ச்சக்காரங்களுக்கும் இதுதானுங்க, கலியாணத்துக்கு வந்தவங்களுக்கும் இதுதானுங்க" என்றார். தட்டை நான் திருப்பித் திருப்பி வைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் முதல் நாள் தொடாமல் விட்ட சந்தகை நினைவுக்கு வந்தது. பிடிக்காமல் விடவில்லை அவள்.

காலைப் பத்திரிகையை நான் உரக்கப் படிப்பேன். படிக்கும்போதே பிழையைக் காதால் கண்டுபிடித்து, "நிறுத்துங்க, அந்தப் பேர் நேத்து வேற மாதிரி வந்துச்சு" என்பாள். தேடிப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும்.

ஊருக்குக் கிளம்பும் முன் டாக்டர் கடைசியாகச் சோதித்தார். அழுத்தம் இறங்கியிருந்தது.

"இருக்கறது நிக்குங்கம்மா. சொட்டு மருந்த மட்டும் உட்டுப்போடாதீங்க."

"வேலைக்குப் போகலாமா டாக்டர்?"

"ஆறு வாரம் கழிச்சு ரிப்பனோட போங்க. யாரு வேண்டாங்கறா? எடம் இருக்குதுல்லீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வனஜாவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். ரிப்பன் பழக்கிய பழக்கம், அவள் தலையை முழுவதுமாகத் திருப்பினாள், நான் கண்ணில் படும் வரை.

"இருக்கு," என்றேன்.

ரயில் ஏறும்போது சுலோசனா பிளாட்பாரம் வரை வந்தார். இரண்டு பாட்டில்களில் சிறுவாணித் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். "அடுத்த வருசம் யானைய முழுசா பாக்க வாங்க அம்மணி. நானும் பாத்ததில்லீங்க, உங்க கூட வாரேன்." வனஜா ஜன்னலோரம் உட்கார்ந்து, டாக்டர் தந்த கறுப்புக் கண்ணாடிக்கு மேல் கைவைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, வண்டி நகர்ந்த பிறகும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செந்தூல் திரும்பி இரண்டு மாதம் கழித்து இதை எழுதினேன். டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிந்தும் வனஜா மேசையைப் பற்றிக் கேட்கவில்லை. மேசையைப் பற்றிய பத்தியையும் சேர்த்தே எழுதினேன். நேரில் சொல்ல முடியாததை எழுதிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்து, பிரதியை வனஜாவிடம் கொடுத்துப் புரூஃப் பார்க்கச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் ரிப்பனை விரித்து உட்கார்ந்தாள். நான் வெளியே போய் இரண்டு சிகரெட் பிடித்துவிட்டு வந்தேன். பார்த்து முடித்து, கடைசிப் பக்கத்தின் அடியில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது.

ஒன்பது திருத்தங்கள். எட்டு சாதாரணமானவை. ஒன்பதாவது, மேசையைப் பற்றிய பத்தியில். அதை அகற்றியது பிப்ரவரியில் என்று நான் எழுதியிருந்தேன். அவள் அதை அடித்து, ஓரத்தில் 'ஜனவரி' என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் அந்த ஆட்குறைப்பு ஆணையை எடுத்துப் பார்த்தேன். ஜனவரிதான்.